நீரோவை வீழ்த்தியது தீ அல்ல

“ரோம் பற்றி எரிந்தபோது நீரோ பிடில் வாசித்தான் என்கிறார்களே, அது உண்மையா? அப்படிப்பட்டவன் எப்படிப் பேரரசன் ஆனான், எப்படி வீழ்ந்தான்?” என்பது கேள்வி.

பிடில் கதையை முதலிலேயே முடித்துவிடுகிறேன். பிடில் ஐரோப்பாவில் உருவானது நீரோவுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பிந்தித்தான். அவன் மீட்டியது கித்தாரா என்ற, யாழைப் போன்ற நரம்புக் கருவி. கி.பி. 64 ஜூலையில் தீப்பற்றியபோது அவன் ரோமிலேயே இல்லை. தெற்கே சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி, தான் பிறந்த கடற்கரை ஊரான ஆன்டியத்தில் இருந்தான். செய்தி கிடைத்ததும் திரும்பி வந்தான். வந்தபின் தன் வீட்டு மேடையில் டிராய் நகரம் எரிந்ததைப் பாடினான் என்று ஒரு வதந்தி ஊரெங்கும் பரவியது. அதை வதந்தி என்றே ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். பிற பழைய வரலாற்றாசிரியர்களான சூட்டோனியஸும் காசியஸ் டியோவும் அதையே நடந்த நிகழ்ச்சியாக எழுதிவிட்டார்கள். நம் மேடைப் பேச்சுகளிலும் தலையங்கங்களிலும் இன்றுவரை நிலைத்திருப்பது அவர்கள் இருவரும் தந்த நீரோதான்.

இந்தப் பொய்யைத் தள்ளிவிட்டதால் அவன் நல்லவனாகிவிட மாட்டான். தாயைக் கொல்ல ஆளனுப்பியவன், முதல் மனைவியைத் தீவுக்கு நாடு கடத்திக் கொல்லவைத்தவன், குற்றமற்ற மக்களை உயிரோடு எரித்தவன். ஆனால் இந்தக் கொடுமைகள் எதனாலும் அவன் ஆட்சி கவிழவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. தாய் இறந்து ஒன்பது ஆண்டுகளும், தீ அணைந்து ஏறத்தாழ நான்கு ஆண்டுகளும் அவன் ஆண்டான். அவனைக் கவிழ்த்தது பணத் தட்டுப்பாடும், தன் சொந்தப் படைத்தளபதிகளையே அவன் கொல்லத் தொடங்கியதும். இதைப் புரிந்துகொள்ள அவன் அரியணைக்கு வந்த வழியிலிருந்து தொடங்க வேண்டும்.

ரோமில் அரசன் என்ற பதவியே சட்டப்படி கிடையாது. முதல் பேரரசரான அகஸ்டஸ் எல்லா அதிகாரத்தையும் தன் கையில் எடுத்துக்கொண்ட பிறகும் ‘முதல் குடிமகன்’ என்றே தன்னைச் சொல்லிக்கொண்டார். அரசனே இல்லாத நாட்டில் வாரிசுச் சட்டம் எப்படி இருக்கும்? அகஸ்டஸின் இரத்தம், திருமணம், தத்து இவற்றையெல்லாம் காட்டி உரிமை கோரலாம். ஆனால் கடைசியில் தீர்ப்புச் சொல்வது ரோம் நகரின் விளிம்பில் முகாமிட்டிருந்த பிரிட்டோரியன் மெய்க்காவல் படை. 41-இல் பேரரசன் கலிகுலாவைக் கொன்றவர்கள் அந்தப் படையின் அதிகாரிகள். அவனுடைய சித்தப்பா கிளாடியஸைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பேரரசன் என்று அறிவித்தவர்களும் அதே படையினர். அதற்காகக் கிளாடியஸ் ஆளுக்கு 15,000 செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) கொடுத்தான். ஒரு காவல் வீரனின் பல ஆண்டுச் சம்பளம் அது. இந்த ஏற்பாட்டைத் தெளிவாகப் புரிந்துகொண்ட ஒருத்தி இருந்தாள்: கலிகுலாவின் தங்கை, அகஸ்டஸின் கொள்ளுப்பேத்தி, அக்ரிப்பினா.

அவளுடைய ஒரே மகன் லூசியஸ் டொமிட்டியஸ் அஹெனோபார்பஸ். 37 டிசம்பர் 15-இல் பிறந்தவன். அவனுக்கு இரண்டு வயது ஆவதற்குள் கலிகுலா தன் தங்கையை நாடு கடத்தினான். அடுத்து தந்தையும் இறந்துபோக, குழந்தை அத்தை வீட்டில் வளர்ந்தது. கிளாடியஸ் ஆட்சிக்கு வந்ததும் அக்ரிப்பினா திரும்பினாள். 48-இல் கிளாடியஸின் மனைவி மெஸ்ஸலினா கொல்லப்பட்டாள். மறு ஆண்டே அந்த இடத்துக்கு அக்ரிப்பினா வந்தாள். அவளுடைய தந்தை ஜெர்மானிக்கஸ், கிளாடியஸின் அண்ணன்; ஆக, அவள் மணந்தது சொந்தச் சித்தப்பாவை. தாய்மாமனை மணப்பது தமிழ்நாட்டில் பழகிய வழக்கம், சித்தப்பாவை மணப்பது நினைத்தும் பார்க்க முடியாதது. ரோமர்களுக்கோ இரண்டுமே முறைகேடு. அதனால் செனட் சபை தனியாக ஒரு சட்டம் இயற்றி, சகோதரனின் மகளை மணக்கலாம் என்று அனுமதித்தது. சகோதரியின் மகளுக்கு அந்தத் தளர்வு கிடைக்கவில்லை.

அதன்பின் அவள் நகர்த்திய ஒவ்வொரு காயும் படிக்கப் படிக்க வியப்பூட்டுகிறது. கோர்சிக்கா தீவில் எட்டாண்டுகளாக நாடு கடத்தப்பட்டிருந்த தத்துவ அறிஞர் செனெக்காவை வரவழைத்து மகனுக்கு ஆசிரியராக்கினாள். 50-இல் கிளாடியஸ் அவனைத் தத்தெடுத்தான். அப்போதுதான் அவன் பெயர் நீரோ ஆனது. கிளாடியஸுக்குச் சொந்த மகன் பிரிட்டானிக்கஸ் இருந்தான், நீரோவைவிட மூன்று வயது இளையவன். அந்த வயது வேறுபாட்டையே அவள் ஆயுதமாக்கினாள். 51-இல் நீரோவுக்கு உரிய வயதுக்கு முன்பே ஆண்மகனுக்கான உடை அணிவிக்கப்பட்டது. அதே ஆண்டு, மெய்க்காவல் படையின் இரண்டு தலைவர்களையும் நீக்கிவிட்டு, தனக்குக் கடன்பட்டவரான புர்ரஸ் ஒருவரையே அமர்த்தினாள். 53-இல் கிளாடியஸின் மகள் ஆக்டேவியாவை நீரோ மணந்தான். தத்தின்படி அவள் அவனுக்குத் தங்கை முறை என்பதால், முதலில் அவளை வேறொரு குடும்பத்துக்குத் தத்துக் கொடுத்துவிட்டுத் திருமணத்தை நடத்தினார்கள்.

54 அக்டோபர் 13-இல் கிளாடியஸ் இறந்தான். காளான் உணவில் அக்ரிப்பினா நஞ்சு கலந்தாள் என்பது பழைய ஆசிரியர்களின் கூற்று. அவனுக்கு வயது 63. இயற்கையான சாவாகவும் இருந்திருக்கலாம். ஆனால் அன்று காலை நடந்தவற்றைப் பார்த்தால், அவள் எதற்கும் தயாராக இருந்தாள் என்பது விளங்கும். அரண்மனை வாசல்கள் அடைக்கப்பட்டன. பேரரசரின் உடல்நிலை தேறி வருகிறது என்று அறிவித்துக்கொண்டே இருந்தார்கள். அவள் பிரிட்டானிக்கஸைக் கட்டி அணைத்தபடி, அறையை விட்டு வெளியேற விடாமல் வைத்திருந்தாள். நண்பகலில் கதவு திறந்தது. புர்ரஸ் துணைவர நீரோ வெளியே வந்தான். காவலுக்கு நின்றவர்களில் சிலர் “பிரிட்டானிக்கஸ் எங்கே?” என்று கேட்டுத் தயங்கினார்களாம். பதில் சொல்வார் யாருமில்லை. நீரோவைப் பல்லக்கில் ஏற்றிப் படைமுகாமுக்குக் கொண்டுபோனார்கள். கிளாடியஸ் கொடுத்த அதே அளவு அன்பளிப்பை அவன் அறிவித்தான், வீரர்கள் வாழ்த்தொலி எழுப்பினார்கள், செனட் பின்னால் ஒப்புதல் தந்தது. பதினேழு வயதுகூட நிரம்பாத ஒருவனின் கையில் பிரிட்டனிலிருந்து சிரியா வரை பரவிய பேரரசு வந்துசேர்ந்தது.

முதல் இரவு படையினருக்கு அவன் கொடுத்த அடையாளச் சொல் ‘மிகச் சிறந்த தாய்’. முதல் நாணயங்களில் தாயும் மகனும் நேருக்கு நேர் பார்த்தபடி இருக்கிறார்கள். சில மாதங்களிலேயே இது கசந்தது. ஆர்மீனியத் தூதர்கள் வந்திருந்தபோது அக்ரிப்பினா அவனுக்குச் சமமாக மேடையேறி உட்கார வந்தாள். நீரோ இறங்கிப்போய்த் தாயை வரவேற்கட்டும் என்று செனெக்கா காதோடு சொல்லி நிலைமையைக் காப்பாற்றினார். ஆக்டே என்ற முன்னாள் அடிமைப் பெண்ணிடம் மகன் மனத்தைப் பறிகொடுத்ததும் தாயின் கோபம் எல்லை மீறியது. பிரிட்டானிக்கஸ்தான் உண்மையான வாரிசு, அவனைப் படைமுகாமுக்கு அழைத்துப் போவேன் என்று அவள் மிரட்டினாள். அந்த மிரட்டல் ஒரு சிறுவனுக்குச் சாவு ஓலையானது. 55 தொடக்கத்தில், பதினான்காம் பிறந்தநாள் நெருங்கும் வேளையில், விருந்தில் பிரிட்டானிக்கஸுக்குச் சுடச்சுடப் பானம் கொடுத்தார்கள். சுவைத்துப் பார்ப்பவன் அதைச் சோதித்திருந்தான். சூடு தாங்காமல் சிறுவன் திருப்பித் தந்தபோது ஆற்றுவதற்காக ஊற்றிய குளிர்ந்த நீரில் நஞ்சு இருந்தது. அவன் சுருண்டு விழ, “சிறு வயதிலிருந்தே வலிப்பு நோய், சரியாகிவிடும்” என்று நீரோ சொன்னான். விருந்து தொடர்ந்தது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனம் ஆறாத இடம் இது.

இவ்வளவுக்கும் நடுவில் நாட்டு நிர்வாகம் நன்றாகவே நடந்தது. செனெக்காவும் புர்ரஸும் ஒருவரோடு ஒருவர் இசைந்து வேலை செய்தார்கள். அதிகாரத்தின் அருகில் அப்படி நடப்பது அரிது. செனட்டுக்கு மரியாதை கிடைத்தது, துரோக வழக்குகள் நின்றன. 58-இல் சுங்கம் முதலான மறைமுக வரிகள் அனைத்தையும் ஒழித்துவிடலாமா என்று நீரோவே கேட்டான். அரசு வருவாயே நின்றுவிடும் என்று சொல்லித் தடுத்தார்கள். ஆனாலும் வரி வசூல் குத்தகைக்காரர்களின் விதிகளைப் பொதுவில் எழுதி வைக்க வேண்டும் என்ற ஆணை பிறந்தது. ஒரு மரண தண்டனை ஓலையில் கையெழுத்திட நேர்ந்தபோது “எழுதவே தெரியாமல் இருந்திருக்கலாமே” என்று அவன் வருந்தியதாகச் சூட்டோனியஸ் எழுதுகிறார். அவனை வெறுத்த ஆசிரியர் எழுதியது என்பதால் நான் இதை நம்புகிறேன்.

59 மார்ச்சில் தாயின் முறை. நேப்பிள்ஸ் வளைகுடாவில் பாயே என்ற ஊருக்கு விழாவுக்கு வரவழைத்து, விருந்து வைத்து, தழுவி வழியனுப்பினான். மிசேனம் கடற்படைத் தலைவன் அனிசெட்டஸ் அதற்காகவே கட்டிய படகு நடுக்கடலில் உடைய வேண்டும் என்பது திட்டம். ஈயம் ஏற்றிய கூரை சரிந்தது, ஆனால் படகு முழுவதும் உடையவில்லை. உடனிருந்த தோழி உயிர் பிழைக்க எண்ணி “நான்தான் அக்ரிப்பினா, காப்பாற்றுங்கள்” என்று கத்த, துடுப்பால் அடித்தே அவளைக் கொன்றார்கள். உண்மையான அக்ரிப்பினா சத்தமில்லாமல் நீந்திக் கரை சேர்ந்தாள். அன்றிரவே அனிசெட்டஸ் ஆட்களோடு அவளது மாளிகைக்குள் புகுந்தான். தன் வயிற்றைக் காட்டி “இங்கே குத்து” என்று அவள் சொன்னதாக வரலாறு. தாய்தான் சதி செய்தாள் என்று செனட்டுக்குப் போன கடிதத்தை எழுதிக் கொடுத்தவர் செனெக்கா. அறநெறி பற்றி அத்தனை நூல்கள் எழுதிய கைதான் அதையும் எழுதியது. அந்தக் கறை அவர்மீது என்றும் இருக்கும். சபை நன்றி வழிபாடு நடத்தத் தீர்மானித்தபோது த்ராசியா பேட்டஸ் என்ற ஒரே ஓர் உறுப்பினர் ஒன்றும் பேசாமல் எழுந்து வெளியே போனார். ஏழு ஆண்டுகள் கழித்து அவர் அதற்கும் சேர்த்து உயிரால் விலை கொடுத்தார்.

62-இல் புர்ரஸ் இறந்தார், செனெக்கா ஒதுங்கினார். காவல்படைத் தலைமைக்கு டிகெல்லினஸ் வந்தான். துரோக வழக்குகளும் திரும்பின. பொப்பேயா என்ற பெண்ணை மணப்பதற்காக ஆக்டேவியாவைத் தள்ளிவைத்து, தீவுக்கு அனுப்பி, இருபதையொட்டிய வயதில் கொல்லவைத்தான்.

இனி தீ. 64 ஜூலை 18 இரவு, சர்க்கஸ் மாக்சிமஸ் பந்தயத் திடலை ஒட்டிய கடைகளில் பிடித்த தீ, ஆறு நாள் எரிந்து அடங்கி, மீண்டும் பற்றியது. நகரின் 14 வட்டாரங்களில் 4 மட்டுமே தப்பின. 3 தரைமட்டமாயின, மீதி 7 பாதி இடிபாடாக நின்றன. வீடிழந்தவர்களுக்கு நீரோ பொது வெளிகளையும் தன் தோட்டங்களையும் திறந்துவிட்டான். தற்காலிகக் குடில்கள் எழுந்தன, ஒஸ்டியா துறைமுகத்திலிருந்து பொருள்கள் வந்தன, தானிய விலை குறைக்கப்பட்டது. மறுகட்டுமானத்துக்கு அவன் விதித்த விதிகள் இன்றைய நகரமைப்பாளர் ஒருவர் படித்தாலும் தலையசைப்பார்: அகலமான தெருக்கள், கட்டட உயரத்துக்கு வரம்பு, வீட்டுக்கு வீடு தனிச் சுவர், தீத்தாங்கும் கல், முகப்பில் தூண் வரிசை, கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர். தானியம் ஏற்றிவந்த கப்பல்கள் திரும்பும்போது இடிபாட்டு மண்ணைக் கொண்டுபோய்ச் சதுப்பு நிலத்தில் கொட்டின. அவனே தீ வைத்தான் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று ஏதுமில்லை. முழுநிலவுக் காலம் அது. மறைந்து தீ வைக்க யாரும் தேர்ந்தெடுக்கும் இரவல்ல.

ஆனால் ஊர் அவனைத்தான் சந்தேகித்தது. அதைத் திசைதிருப்ப, அப்போது ரோமில் ஆதரவற்ற சிறு கூட்டமாக இருந்த கிறிஸ்தவர்களைப் பிடித்தான். விலங்குத் தோலைப் போர்த்தி நாய்களை ஏவினார்கள், சிலுவையில் அறைந்தார்கள், இருட்டியதும் விளக்குகளாக எரித்தார்கள். கிறிஸ்தவர்கள்மேல் எந்தப் பரிவும் இல்லாத டாசிட்டஸே, பார்த்த மக்களுக்கு இரக்கம் பிறந்தது என்று எழுதுகிறார். தீ வைத்தான் என்ற பழியிலிருந்து நான் நீரோவை விடுவிப்பேன். இந்தக் கொலைகளுக்கு மன்னிப்பே கிடையாது.

எரிந்த நிலத்தின் ஒரு பகுதியில் அவன் எழுப்பிய பொன் மாளிகை சந்தேகத்தை உறுதி செய்ததுபோல் ஆயிற்று. செவெரஸ், செலெர் என்ற இரு வல்லுநர்கள் கட்டியது. நகர நடுவே ஏரி, வயல், திராட்சைத் தோட்டம், காடு, வாசலில் நூறடிக்கும் மேல் உயர்ந்த வெண்கலச் சிலை. அதன் எண்கோண மண்டபம் இன்றும் ரோமில் மண்ணுக்கடியில் இருக்கிறது. கட்டடக் கலை வரலாற்றில் அதற்கு உயர்ந்த இடமுண்டு. ஆனால் இவ்வளவுக்கும் பணம்? மாகாணங்கள் பிழியப்பட்டன, கோயில் சொத்துகள் உருக்கப்பட்டன. 64-இல் நாணயத்திலேயே கைவைத்தான். ஒரு ராத்தல் வெள்ளியில் 84 தினாரியஸ் என்ற வெள்ளிக்காசுகள் அடித்த இடத்தில் 96 அடித்தார்கள், வெள்ளியின் தூய்மையையும் குறைத்தார்கள். இதன் தடம் நம் மண்ணிலும் தெரிகிறது. கோயம்புத்தூர் வட்டாரத்தில் கிடைத்த ரோமானிய வெள்ளிக்காசுப் புதையல்களில் மிகுதியும் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவை. நீரோவின் எடை குறைந்த வெள்ளி இங்கே அரிதாகவே வந்தது. மிளகுக்கு விலை பேசிய வணிகர்கள் பழைய நல்ல வெள்ளியைத் தேடிப் பிடித்தார்கள் என்பதே நாணயவியலார் பலரின் விளக்கம்.

பணம் வேண்டும் என்ற நெருக்கடி வந்தபின், செல்வராக இருப்பதே ஆபத்தானது. ஆப்பிரிக்க மாகாணத்தின் பாதி நிலத்தை வைத்திருந்த ஆறு பேரை நீரோ கொன்றான் என்கிறார் அக்கால ரோமானிய எழுத்தாளர் பிளினி. 65-இல் பிசோ என்ற செல்வந்தரை முன்னிறுத்தி நடந்த சதி அம்பலமானது. செனெக்காவும் கவிஞர் லூக்கனும் நரம்பை அறுத்துக்கொண்டு சாகும்படி ஆயிற்று. அதில் சிக்கிய காவல்படை அதிகாரி சுப்ரியஸ் பிளேவஸ், “ஏன் சத்தியத்தை மறந்தாய்?” என்று நீரோ கேட்டபோது, “அன்புக்கு உரியவனாக இருந்தவரை உனக்கு என்னைவிட விசுவாசி இல்லை, தாயையும் மனைவியையும் கொன்று, தேரோட்டியாக, கூத்தாடியாக, தீ வைப்பவனாக மாறியபோது வெறுக்கத் தொடங்கினேன்” என்றான். சதியின் வேர் அரண்மனையைக் காக்க வேண்டிய படைக்குள்ளேயே இருந்தது. நீரோ அந்தப் படைக்கு மேலும் பணம் கொடுத்துச் சமாதானம் தேடினான்.

66-இல் கிரேக்கத்துக்குப் புறப்பட்டான். ஒலிம்பிக் உட்பட எல்லாப் போட்டிகளையும் அவனது பயணத்துக்கேற்ப நாள் மாற்றி நடத்தினார்கள். பத்துக் குதிரைத் தேரிலிருந்து கீழே விழுந்தும் அவனுக்கே பரிசு. மொத்தம் 1,808 பரிசுகளோடு திரும்பினான். கலைமேல் அவனுக்கு இருந்த காதல் உண்மையானது. குரலைக் காக்க மார்பில் ஈயத் தகடு வைத்துப் படுத்துப் பயிற்சி செய்தவன் அவன். அவனுடைய அழிவுக்கு இந்தப் பாட்டைக் காரணமாகச் சொல்வது செனட் வர்க்கத்தின் கௌரவம் பேசும் பேச்சு. அதே பயணத்தில் 67-இல் செய்த இன்னொன்றுதான் காரணம். ஆர்மீனியாவில் ரோமின் கிழக்கு எதிரிகளான பார்த்தியரை அடக்கி, பேரரசிலேயே மிகப் பெரிய தளபதி என்று பெயர் பெற்ற கோர்புலோவைக் கிரேக்கத்துக்கு அழைத்து, கரையிறங்கியதுமே தற்கொலை செய்துகொள்ள ஆணையிட்டான். “தகும்” என்று ஒரு சொல் சொல்லிவிட்டு அவர் வாளில் பாய்ந்தார். வடக்கே ரைன் ஆற்று எல்லையின் இரண்டு படைகளுக்கும் தலைமை தாங்கிய ஸ்கிரிபோனியஸ் சகோதரர்களுக்கும் அதே முடிவு. எவ்வளவு விசுவாசமாக இருந்தாலும் புகழ் வந்தால் சாவு என்ற செய்தி, படை வைத்திருந்த ஒவ்வோர் ஆளுநருக்கும் போய்ச் சேர்ந்தது. சும்மா இருப்பதைவிடக் கிளர்ச்சி செய்வது பாதுகாப்பானது என்ற நிலையை நீரோ தானே உண்டாக்கினான்.

68 மார்ச்சில் கால் நாட்டில் (இன்றைய பிரான்ஸ் பகுதி) ஒரு மாகாண ஆளுநரான விண்டெக்ஸ் கிளர்ந்தெழுந்தார். அவரை ரைன் படைகள் முறியடித்தன. ஆனால் அதற்குள் ஸ்பெயினில் எழுபது வயதை நெருங்கிய ஆளுநர் கால்பா நீரோவுக்கு எதிராக எழுந்திருந்தார். ஆப்பிரிக்காவிலும் கிளர்ச்சி மூண்டு, ரோமுக்குத் தானியம் வருவது ஆபத்துக்குள்ளானது. அப்போதும் நீரோ துணிந்து படை நடத்தியிருந்தால் தப்பியிருக்க முடியும் என்றே நினைக்கிறேன். முடிவு வந்தது போர்க்களத்தில் அல்ல, அவன் தொடங்கிய அதே முகாமில். காவல்படைத் தலைவன் நிம்ஃபிடியஸ், கால்பாவின் பெயரால் ஆளுக்கு 30,000 செஸ்டர்ஸ் தருவதாகச் சொல்லி வீரர்களைத் திருப்பினான். நள்ளிரவில் நீரோ விழித்தபோது அரண்மனையில் காவலே இல்லை. ஃபாவோன் என்ற முன்னாள் அடிமையின் தோட்ட வீட்டுக்கு, முகத்தை மூடிக்கொண்டு குதிரையில் ஓடினான். செனட் அவனைப் பொது எதிரி என்று அறிவித்த ஓலை அங்கே வந்துசேர்ந்தது. ஜூன் 9-இல், குதிரைக் குளம்பொலி நெருங்க, செயலாளன் எபஃப்ரோடிட்டஸின் உதவியோடு கழுத்தில் கத்தியை இறக்கிக்கொண்டான். வயது 30. ஆக்டேயும் இரண்டு செவிலித் தாய்மாரும் அவன் சாம்பலைத் தந்தைவழிக் கல்லறையில் வைத்தார்கள்.

எல்லோரும் மகிழ்ந்தார்கள் என்று எண்ண வேண்டாம். எளிய மக்கள் நெடுநாள் அவன் கல்லறையில் மலர் வைத்தார்கள். கிழக்கு மாகாணங்களில் ‘நான்தான் நீரோ’ என்று சொல்லி அடுத்த இருபது ஆண்டுகளில் குறைந்தது மூவர் கிளம்பினார்கள், கூட்டமும் சேர்ந்தது. கால்பாவோ, “வீரர்களைத் தேர்ந்தெடுப்பேன், விலைக்கு வாங்க மாட்டேன்” என்று சொல்லி, நிம்ஃபிடியஸ் வாக்களித்த பணத்தைத் தர மறுத்தார். 69 ஜனவரியில் அதே காவல்படையினர் அவரை நகர நடுவே வெட்டினார்கள். அடுத்து வந்த ஓத்தோ ஆண்டது மூன்று மாதம், விட்டெல்லியஸ் எட்டு மாதம். ஆண்டு முடிவதற்குள் ஆட்சி வெஸ்பாசியனிடம் வந்து நிலைத்தது. கிரேக்கப் பயணத்தில் நீரோ பாடும்போது தூங்கிவிழுந்து அவனுடைய கோபத்துக்கு ஆளானவர் இவர். 66-இல் யூதர்களின் நாடான யூதேயாவில் கிளர்ச்சி வெடித்தபோது, எளிய குடும்பத்திலிருந்து வந்தவர், இவரால் அரியணைக்கு ஆபத்து இல்லை என்று கருதி நீரோவே பெரும்படையோடு அனுப்பிவைத்த தளபதி. பொன் மாளிகையின் ஏரியை வற்றடித்து அந்த இடத்தில் பொதுமக்களுக்கான கொலோசியத்தைக் கட்டத் தொடங்கியவரும் அவரே.